பட்டாவில் ஒரு பெயர்: பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடியானவரைத் தேடும் வழிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களில் ஏர் பிடித்து வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையை இன்று எவ்வளவு தூரம் மீட்டெழுத முடியும்? இந்தக் கேள்விக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத விடைகள் உண்டு. வருவாய்த்துறைப் பதிவேடே போதும் என்பாரும், குடும்பத்தில் வாய்வழி வரும் வம்சாவளியே மெய் என்பாரும் இருக்கிறார்கள். தனியாளைத் தேடுவது வீண் வேலை, கிடைப்பதெல்லாம் ஒரு வகுப்பாரின் சராசரிதான் என்று பொருளாதார வரலாற்றாசிரியர் பலர் கருதிவந்தனர். ஆவணத்தில் தற்செயலாக விழுந்த ஒரு கீறலைக்கொண்டே ஒரு வாழ்வைப் படித்துவிடலாம் என்று 1980-களில் எழுந்த ஆய்வுமரபு வாதிட்டது.

ஆவணப் பஞ்சம் என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. அந்த நூற்றாண்டில் சர்க்கார் கச்சேரிகளில் குவிந்த காகிதம் கொஞ்சநஞ்சமன்று. ஆனால் குடியானவர் கட்டவேண்டிய தீர்வை, வாங்கிய கடன், போட்ட வழக்கு ஆகியவையே அங்கு எழுதப்பட்டன. அவர் பிறந்ததையும் இறந்ததையும் எழுதவேண்டிய தேவை நெடுங்காலம் யாருக்கும் ஏற்படவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுக்கான சென்னை மாகாணச் சட்டம் 1899-இல்தான் வந்தது. இங்கிலாந்தில் 1841 முதலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெயர்வாரிப் படிவங்கள் காக்கப்பட்டிருப்பதால், அங்கே ஓர் உழவுத் தொழிலாளியின் வீட்டைப் பத்தாண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க முடிகிறது. சென்னை மாகாணத்தில் 1871-இல் நடந்த முதல் பொதுக் கணக்கெடுப்பில் சுமார் 3.12 கோடிப் பேர் எண்ணப்பட்டனர். தொகைகள் அச்சாகி நின்றன. வீட்டுப் படிவங்கள் நிற்கவில்லை. ஆகவே மற்ற நாடுகளில் குடும்ப வரலாறு எழுதுவோர் கையாளும் முதல் இரண்டு கருவிகளும் இங்கே இல்லை.

நிலத்தின் வழியே

மிகப் பழகிய வழி நிலம். 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. அங்கு அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து தீர்வை விதித்தனர். இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் தொடங்கிய அந்த முறை, 1820 முதல் 1827 வரை மன்றோ கவர்னராக இருந்த காலத்தில் மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் ரயத்துவாரி என்று நிலைபெற்றது. சர்க்காருக்கும் குடிக்கும் நடுவே ஆள் கூடாது என்பது அதன் கொள்கை. அதனால் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. சந்ததியார் இன்று பின்பற்றும் தடம் அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான்.

1858-இல் முறையான நில அளவையும் தீர்வை ஏற்பாடும் தொடங்கின. மாவட்டம் மாவட்டமாக அவை நகர்ந்தன. தஞ்சாவூரில் 1890-களில்தான் வேலை முடிந்தது. அப்போது எழுதப்பட்ட செட்டில்மெண்ட் பதிவேட்டில் சர்வே எண், உட்பிரிவு, நன்செயா புன்செயா என்பது, மண்ணின் தரம், விஸ்தீரணம், தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர் ஆகியவை ஒரே வரியில் வரும். பைமாஷ் எனப்பட்ட முந்தைய அளவையின் எண்ணும் பல ஊர்ப் பதிவேடுகளில் உண்டு. தேடுபவர் பின்னோக்கி நடக்கவேண்டும். இன்றைய பட்டாவிலிருந்து 1979-க்கும் 1987-க்கும் இடையே நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கும், அங்கிருந்து இருபதாம் நூற்றாண்டு மறுஅளவைக்கும், பிறகு முதல் செட்டில்மெண்ட்டுக்கும், வாய்த்தால் பைமாஷுக்கும் போகலாம். எண் மாறும் ஒவ்வொரு இடமும் தடம் தவறக்கூடிய இடம்.

நன்றாகப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த ஒற்றை வரி நிறையச் சொல்லும். கிணறில்லாத புன்செய், தாழ்ந்த தரம், நான்கைந்து ஏக்கர் என்றிருந்தால், அந்த வீடு கம்பும் சோளமும் ராகியும் நம்பி வானம் பார்த்த வீடு என்று கொள்ளலாம். சிறு துண்டானாலும் ஏரிப் பாசன நன்செய் என்றால் ஊரின் நீர்ப் பங்கீட்டில் அந்தக் குடும்பத்துக்கு இடம் இருந்தது. எந்தப் பருவத்தில் என்ன பயிர் என்பதை ஊர்க் கணக்கரான கர்ணம் எழுதிய அடங்கல் காட்டும். ஆனால் பழைய அடங்கல்கள் அபூர்வம். குறித்த காலம் கழிந்த கிராமக் கணக்குகளைக் கழித்துவிடுவது அலுவலக வழக்கம்.

இந்த வழியின் குறைகளும் பதிவேட்டின் இயல்பிலேயே இருக்கின்றன. பங்காளிகள் கூட்டாக உழுத நிலம் மூத்தவர் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் செத்து இருபது ஆண்டு கழிந்தும் பெயர் மாறாது. வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுதவர் பெயர் பட்டாவில் ஏறவே ஏறாது. காவிரிக் கழிமுகத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. அங்கே ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்குள்ள மிராசுதார் பெயரில் பட்டா இருக்கும். சேற்றில் இறங்கியவர் பண்ணையாளோ, வெளியிலிருந்து வந்து உழுத புறக்குடியோ ஆவார். மிராசு உரிமை பற்றி எஃப். டபிள்யூ. எல்லிஸ் எழுதி 1818-இல் வெளிவந்த அறிக்கை உள்குடி, புறக்குடி வேறுபாடுகளை நுட்பமாகப் பேசுகிறது. ஆனாலும் அது பேசுவது உரிமை வகைகளைப் பற்றி. ஆட்களைப் பற்றி அதில் தேடுவதில் பயனில்லை. 1802-இன் நிரந்தரத் தீர்வைக்குள் வந்த ராமநாதபுரம், சிவகங்கை போன்ற ஜமீன்களில் குடியானவர் சர்க்கார் பதிவேட்டுக்கு வெளியே நின்றார். அவருக்கு நிலைத்த சாகுபடி உரிமையைத் தெளிவாக்கிய எஸ்டேட் நிலச் சட்டம் 1908-இல் வந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் வர 1948 ஆயிற்று. அந்த ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேடல் ஜமீன் கணக்குகள் எஞ்சியிருப்பதைப் பொறுத்தே அமையும்.

பதிவேடு உண்மையை அப்படியே காட்டும் கண்ணாடியா என்ற ஐயத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் எழுப்பினர். செங்கல்பட்டுப் பகுதியை ஆராய்ந்த யூஜின் இர்ஷிக் 1994-இல் வெளிவந்த நூலில், நிலம் பற்றிய காலனிய அறிவு ஆங்கிலேய அதிகாரிகளும் உள்ளூராரும் மாறிமாறிப் பேசி உண்டாக்கியது என்றார். பவானி ராமன் 2012-இல் எழுதிய நூல், கச்சேரிக் குமாஸ்தாக்களின் எழுத்துமுறையே எது சான்று, எது பொய் என்பதைத் தீர்மானித்ததைக் காட்டியது. இவர்கள் பக்கம் நியாயம் உண்டு. பட்டாவில் ஏறிய பெயர், கர்ணத்தோடு அந்தக் குடும்பத்துக்கு இருந்த உறவையும் சேர்த்தே பதிவு செய்திருக்கிறது.

பெயரும் வருஷமும்

பெயர் கிடைத்துவிட்டால் ஆள் கிடைத்துவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ்க் குடும்பங்களில் பேரனுக்குப் பாட்டன் பெயர். பெயரன் என்ற சொல்லே அதிலிருந்து வந்தது. முத்துசாமி மகன் ராமசாமி, ராமசாமி மகன் முத்துசாமி என்று ஒரே இரண்டு பெயர்கள் நூற்றாண்டு முழுக்க மாறிமாறி வரும். பெரியப்பன், சித்தப்பன் வழிப் பேரன்களும் அதே பாட்டன் பெயரைத் தாங்கியிருப்பார்கள். தலைமுறை தாண்டி ஒட்டிவரும் குடும்பப் பெயர் இல்லாததால், தகப்பன் பெயரும் சாதிப் பட்டமும் ஊரும் சேர்ந்தால்தான் ஓர் ஆளைப் பிரித்தறிய முடியும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் 1860-இன் முத்துசாமியையும் 1900-இன் முத்துசாமியையும் ஒருவராக்கிவிடும் ஆபத்து உண்டு. குடும்ப வரலாறுகளில் தொண்ணூறு, நூறு வயது வாழ்ந்த பாட்டன்மார் இவ்வளவு பேர் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காலக் குறிப்பும் இதே வகைச் சிக்கல்தான். வருவாய்க் கணக்கு பசலி என்ற வருவாய் ஆண்டில் ஓடும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1300 என்பது 1890-91. ஓலைகளிலும் வீட்டுக் குறிப்புகளிலும் அறுபதாண்டுச் சுற்றின் வருஷப் பெயர் மட்டுமே இருக்கும். தாது வருஷம் என்றால் 1876-77 என்று பஞ்சத்தின் நினைவால் எல்லாரும் கொள்வர். ஆனால் 1816-17-உம் தாதுதான். கணக்கோலையில் காணி, மா, முந்திரி என்ற கீழ்வாய் இலக்கக் குறிகளைப் படிக்கத் தெரிந்தவர்களும், தஞ்சை மராட்டியர் கால மோடி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் இன்று மிகச் சிலரே.

வாய்மொழியும் குலதெய்வமும்

காகிதம் நின்ற இடத்தில் நினைவு தொடரும் என்பது இரண்டாவது நிலைப்பாடு. இதற்கு வலுவான சான்று குலதெய்வக் கோயில். குடும்பம் வாழும் ஊரிலிருந்து ஐம்பது, அறுபது மைல் தள்ளி இருக்கும் ஒரு கோயிலுக்கு ஆண்டுதோறும் போய்ப் பொங்கல் வைக்கிறார்கள் என்றால், அந்தத் தூரம் ஒரு பழைய குடிப்பெயர்வைச் சொல்கிறது. கொங்கு வேளாளரிடையே கூட்டம் என்ற குலப்பிரிவும் அதன் பூர்வீக ஊரான காணியூரும் அந்த ஊர்த் தெய்வமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பிரெண்டா பெக் 1972-இல் வெளியிட்ட கொங்குக் குடியானவர் சமூகம் பற்றிய ஆய்வு, நிலம், சாதி, சடங்கு மூன்றும் எப்படி ஒரே வரைபடத்தில் அமர்கின்றன என்பதை விரிவாகக் காட்டுகிறது.

வாய்மொழியின் ஆழம் சமமாக இருப்பதில்லை. திதி கொடுக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் தகப்பன், பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறைப் பெயர் சொல்லப்படும். 1950-ஐ ஒட்டிப் பிறந்த ஒருவர் சொல்லும் மூன்றாவது பெயர் பெரும்பாலும் 1860-80-களில் பிறந்தவருடையதாக இருக்கும். அதற்கு மேலே நினைவு படிப்படியாக மங்குவதில்லை, திடீரென்று தாவுகிறது. ஐந்தாம் தலைமுறை கடந்தால் ஒரு கொடிவழித் தலைவனோ, காஞ்சியிலிருந்தோ ஆந்திரத்திலிருந்தோ வந்த கதையோ, கன்னி கேட்ட அரசனுக்கு அஞ்சி இரவோடிரவாக ஊரைவிட்டு வந்த கதையோ நிற்கும். பல சாதிகளிடையே ஒரே கதை சிறு மாற்றத்தோடு வழங்குவதால் அதைக் குடும்பச் செய்தியாகக் கொள்வது கடினம். கணக்கெடுப்பில் தத்தம் சாதிக்கு உயர்ந்த இடம் கேட்டு எழுதப்பட்ட சாதி வரலாற்று நூல்கள் இந்தத் தாவலை இன்னும் உறுதியாக்கின. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் நாடார்களைப் பற்றி எழுதிய நூலில் அந்தப் போக்கைப் பார்க்கலாம்.

மேல்நோக்கிய வம்சாவளியைவிடப் பக்கவாட்டு உறவு பற்றிய நினைவு நம்பத்தக்கது. யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்பதில் தவறு நேர்ந்தால் திருமணமும் தீட்டும் குழம்பிவிடும். ஆகவே அந்த அறிவு தலைமுறைதோறும் சரிபார்க்கப்பட்டு வருகிறது. பங்காளி வீடுகளின் பட்டியலையும் செட்டில்மெண்ட் பதிவேட்டின் அடுத்தடுத்த சர்வே எண்களையும் ஒப்பிட்டால், பாகம் பிரிந்த ஒரு பாட்டனின் நிலம் எது என்பது சில இடங்களில் தெளிவாகிறது. இரண்டு வழிகளும் கைகோத்துப் பயன் தரும் அரிய இடம் இது.

கடனும் வழக்கும்

பத்திரப் பதிவுச் சட்டம் 1864-இல் வந்தது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள நிலமாற்றங்களைப் பதிவுசெய்வது கட்டாயமாயிற்று. கிரயம், ஈடு, போக்கியம், பாகப்பிரிவினை என்று அந்தப் பத்திரங்கள் பட்டாவைவிடச் சுவையானவை. செக்குபந்தி எழுதும்போது நான்கு பக்கத்து நிலக்காரர் பெயர் வந்துவிடும். எந்தக் கடனைத் தீர்க்க, எந்தக் கல்யாணத்துக்காக நிலம் போகிறது என்ற காரணம் வரும். சாட்சிகள் வருவர், எழுதிக்கொடுத்தவர் கையெழுத்திட்டாரா, கீறலிட்டாரா என்பதும் தெரியும். ஒரு குடியானவருக்கு எழுத்தறிவு இருந்ததா என்ற கேள்விக்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. ஆனால் நூறு ரூபாய்க்குக் குறைந்த சிறு மாற்றங்களும், புரோநோட்டும், வாய்க்கடனும் இதில் இல்லை. ஏழைக் குடியானவரின் வரவுசெலவு அந்த எல்லைக்குக் கீழேதான் பெரிதும் நடந்தது.

பாகப்பிரிவினை வழக்குகளில் பிராதுடன் வம்சாவளி இணைக்கப்படும். எதிர்க்கட்சி மறுக்கக்கூடியது என்பதால் அதில் கற்பனை குறைவு. வழக்கில் வெல்லவேண்டியது என்பதால் மறைப்பு கூடுதல். மேல்முறையீட்டுக்குப் போய்ச் சட்ட அறிக்கைகளில் அச்சேறியவை பெரும்பாலும் ஜமீன்தார், மிராசுதார் வீட்டு வழக்குகள். நான்கு ஏக்கர்க்காரரின் வழக்கு முனிசீப் கோர்ட்டோடு முடிந்தது.

குடியானவரின் குரலே கேட்கும் ஆவணம் என்று அடிக்கடி சுட்டப்படுவது 1855-இன் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை. தீர்வை வசூலிக்கக் கிட்டி போட்டு விரலை நெரித்தது, கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனியவைத்து வெயிலில் நிறுத்திய அண்ணாந்தாள் முதலிய கொடுமைகள் அதில் முறையீட்டாளர் வாய்மொழியாகவே பதிவாயின. ஏறத்தாழ 2,000 முறையீடுகள் குழுவுக்கு வந்தன. கார்ல் மார்க்ஸ் 1857-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் அதைப் பற்றி எழுதினார். ஆனால் அந்த வாய்மொழியும் தமிழில் சொல்லி, மனு எழுதுபவர் எழுதி, மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலமாக்கி, ஆணையர் சுருக்கிய வாய்மொழி. அதில் இடம்பெற்றவர்களும் முறையிடத் துணிந்தவர்கள் மட்டுமே.

புறப்பட்டுப் போனவர்கள்

நிலமே இல்லாதவர் அல்லது நிலத்தை இழந்தவர், ஊரில் இருந்தவரை எந்த ஏட்டிலும் இடம்பெறாதவர், கப்பலேறிய நாளில் முழு ஆளாக ஆவணத்தில் தோன்றுகிறார். மொரீஷியசுக்கு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் அனுப்பப்பட்டனர். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16-இல் டர்பன் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டோர் அங்கே போயினர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியே போனவர்கள். கப்பல் பட்டியல் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு மச்சம் ஆகியவற்றை எழுதியது. மொரீஷியசில் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகம் இத்தகைய குடியேற்றப் பதிவேடுகளைக் காக்கிறது. 1860-களிலிருந்து எடுக்கப்பட்ட புகைப்படங்களும் அங்கே உண்டு.

சேலம் மாவட்டத்தில் பத்து ஏக்கர் புன்செயோடு ஊரிலேயே வாழ்ந்து மடிந்தவரின் முகம் எப்படியிருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதே ஊரில் அவருக்குப் படியாளாக உழைத்தவர் கடல் கடந்திருந்தால் உயரமும், நெற்றித் தழும்பும், சிலவேளை முகமும்கூடக் கிடைக்கும். ஊரின் ஏட்டில் இடம் பெற நிலம் வேண்டியிருந்தது; காலனியின் ஏட்டில் இடம் பெற நிலத்தை விட்டுப் போகவேண்டியிருந்தது. தேடலின் வெற்றி முன்னோரின் செல்வத்தோடு ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அவர் எந்த அலுவலகத்தின் கணக்குக்குள் விழுந்தார் என்பதைப் பொறுத்தே அது அமைகிறது.

இந்தப் பதிவேடுகளைக் கொண்டு எழுந்த ஆய்வுகள் இரண்டு அணியாயின. ஹியூ டிங்கர் 1974-இல் ஒப்பந்தமுறையைப் புதியதோர் அடிமைமுறை என்று பெயரிட்டு எழுதினார். ஏமாற்றிக் கூட்டிச்செல்லப்பட்ட, நாதியற்ற மக்களின் படம் அவர் தந்தது. பிரிஜ் லால் 1983-இல் ஃபிஜிக்குப் போன 45,439 பேரின் அனுமதிச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றிப் பார்த்து, போனவர்கள் கிராமச் சமூகத்தின் பல தட்டுகளையும் சேர்ந்தவர்கள் என்றார். அவர் தரவு கல்கத்தா வழிப் போன வட இந்தியரைப் பற்றியது; தென்னிந்தியருக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது. நேட்டால் கப்பல் பட்டியல்களைக் கொண்டு சுரேந்திர பானா 1991-இல் செய்த ஆய்வு அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. மொரீஷியஸ் பற்றி மரினா கார்ட்டர் எழுதிய நூல்கள் மனுக்களையும் கடிதங்களையும் சேர்த்துக்கொண்டு, போனவர்களைத் தாமாக முடிவெடுத்த மனிதர்களாகவும் காட்டுகின்றன.

கப்பல் பட்டியலும் பிழையற்றதன்று. ஆள்பிடிப்பவர் சொல்லிக்கொடுத்த பதில், குமாஸ்தாவின் காதில் விழுந்த ஒலி, ஆங்கில எழுத்துக்கூட்டு எல்லாம் சேர்ந்து ஊர்ப் பெயரை உருத்தெரியாமல் ஆக்கிவிடும். சாதிப் பெயரை மாற்றிச் சொன்னவர்கள் இருந்திருக்கலாம். அதுவும் ஒரு விடுதலைதானே. மொரீஷியசில் ஒருவரின் சொந்தப் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக உறைந்ததால், பெயரன் முறை அங்கே அறுந்தது. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு மன்னார் வழியே நடந்து போனோர் எண்ணிக்கையில் மிகப் பெரியவர்கள். ஆள்சேர்த்து மேற்பார்த்த கங்காணியின் பற்றுவரவுக்குள் அடங்கிய அந்தப் போக்குவரத்து, கப்பல் பட்டியல் போன்ற ஆள்வாரி ஏட்டை விட்டுவைக்கவில்லை.

தேவாலய ஏடுகள்

திருநெல்வேலி, நாகர்கோவில் பகுதிகளில் கிறித்தவம் தழுவிய குடும்பங்களுக்கு ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் உண்டு. பிறப்பும் இறப்பும் பதிவான ஏடுகளில் முதன்மையானவை இவையே. மதம் மாறியபோது பெயரும் மாறியதால், ஏட்டில் உள்ள யோவானும் பட்டாவில் உள்ள சுடலைமுத்துவும் ஒருவரா என்று நிறுவுவது தனி வேலை. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் பிரெஞ்சு ஆட்சியின் குடிமைப் பதிவேடுகள் இதே பயனைத் தருகின்றன. 1881-இன் ஆணைப்படி தனிச்சட்ட உரிமையைத் துறந்தவர்கள் குடும்பப் பெயர் சூடியதும் அங்கேதான்.

தனியாளா, சராசரியா?

நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் குடியானவரின் நிலை பற்றி ஒரு பெரும் விவாதம் நடந்தது. எஸ். சீனிவாசராகவையங்கார் 1890-களின் தொடக்கத்தில் எழுதிய அறிக்கை, முந்தைய நாற்பதாண்டில் மாகாணம் முன்னேறியது என்று வாதிட்டது. ரொமேஷ் சந்திர தத் 1900-இல் பஞ்சங்களுக்கும் நிலத்தீர்வைக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டி அதற்கு எதிர்த் திசையில் நின்றார். இருவருமே மாவட்டங்களின் தொகைகளைக் கொண்டு பேசினர். அரை நூற்றாண்டுக்குப் பின் வேறொரு வடிவில் விவாதம் திரும்பிவந்தது. நிலமற்ற உழவுத் தொழிலாளர் ஆங்கிலேயர் ஆட்சியின் விளைவு என்று எஸ். ஜே. படேல் 1952-இல் எழுதினார். தர்மா குமார் 1965-இல், தென்னிந்தியாவில் அந்த வகுப்பு சாதியமைப்போடு பிணைந்து முன்பே கணிசமாக இருந்தது என்று மறுத்தார். டேவிட் லடன் 1985-இல் திருநெல்வேலியை ஆராய்ந்து, நன்செய் நாடும் புன்செய் நாடும் இருவேறு உலகங்கள் என்று காட்டினார். கிறிஸ்டோபர் பேக்கர் ஆற்றுப் படுகை, சமவெளி, கொங்குநாடு எனப் பிரித்துப் பேசினார்.

முன்னோரைத் தேடுபவருக்கு இவற்றின் பயன் மறைமுகமானது, ஆனால் பெரியது. பட்டாவில் ஐந்து ஏக்கர் என்று காணும்போது, அந்த வட்டாரத்தில் ஐந்து ஏக்கர் என்றால் என்ன பொருள் என்று இவை சொல்லும். சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871-இல் சுமார் 19.6 லட்சம், பஞ்சம் கடந்த 1881-இல் சுமார் 16 லட்சம். அந்த மாவட்டத்தில் ஒரு பட்டா 1877-ஐ ஒட்டிக் கைமாறியிருந்தால் காரணத்தை வெகுதூரம் தேடவேண்டியதில்லை. ஆயினும் தொகையிலிருந்து தனியாளுக்கு இறங்குவது ஊகமே. பஞ்சத்தில் நிலம் விற்றவர்கள் இருந்ததுபோல் வாங்கியவர்களும் இருந்தார்கள்.

ரணஜித் குகா 1983-இல் குடியானவர் கிளர்ச்சிகளைப் பற்றி எழுதிய நூலும், 1987-இல் வங்காளத்துச் சந்திரா என்ற பெண்ணின் சாவைப் பற்றி எழுதிய கட்டுரையும் வேறு வழி காட்டின. அதிகாரியின் எழுத்தையே எதிர்த் திசையிலிருந்து படிக்கலாம். சிதைந்த ஒரு துண்டிலும் ஒரு குடும்பத்தின் அச்சத்தைக் காணலாம் என்பது அந்த வழி. பிரான்சில் அலென் கோர்பேன் இன்னும் துணிந்தார். காப்பக ஏட்டில் குருட்டாம்போக்கில் விரல்வைத்து ஒரு பெயரைத் தேர்ந்து, லூயி பிரான்சுவா பினாகோ என்ற மரச்செருப்புத் தச்சரைப் பற்றி 1998-இல் ஒரு முழு நூல் எழுதினார். அவர் என்ன பார்த்திருக்கக்கூடும், என்ன கேட்டிருக்கக்கூடும் என்ற எல்லைகளை வரைவதே அந்த நூல். கவர்ச்சியான முன்மாதிரிதான். ஆனால் பினாகோ 1798-இல் பிறந்தார், 1876-இல் இறந்தார் என்ற இரண்டு ஆணிகள் கோர்பேனுக்குக் கிடைத்தன. தமிழ்க் குடியானவருக்கு அந்த ஆணிகளையே முதலில் தேடவேண்டும். துண்டை விரித்துப் படிக்கும் முறையும் கிளர்ச்சி, குற்றம், சாவு போன்ற அசாதாரண நாட்களில் சிறப்பாகப் பலிக்கிறது. ஆண்டுதோறும் ஜமாபந்திக்குப் போய்த் தீர்வை கட்டித் திரும்பியவருக்கு அது அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை.

மரபணுச் சோதனை அண்மையில் சேர்ந்த வழி. தலைமுறை தலைமுறையாக அகமணமும், அத்தை மகள் மாமன் மகள் திருமணமும் வழங்கும் சமூகங்களில் இருவர் பகிரும் மரபணுப் பகுதி, உள்ள உறவைவிட நெருங்கிய உறவைக் காட்டிவிடும். மொரீஷியஸ் கிளைக்கும் தமிழ்நாட்டுக் கிளைக்கும் தொடர்புண்டா என்று சுட்ட அது உதவலாம். எந்தப் பாட்டன் என்று சொல்லாது.

தீராதவை

பெண்கள் இந்த ஏடுகள் அனைத்திலும் மெலிந்து தெரிகிறார்கள். நாற்று நட்டதும் களை பறித்ததும் அவர்கள்; பட்டாவில் வருவதோ பெரும்பாலும் விதவையான பின், மைனர் மகனின் கார்டியனாக. யாழ்ப்பாணத்தில் நிலைமை சற்று வேறு. 1707-இல் தொகுக்கப்பட்ட தேசவழமை மகளுக்குச் சீதனமாக நிலம் போவதை ஏற்றதால், தோம்பு என்ற நிலப் பதிவேடுகளிலும் சீதன உறுதிகளிலும் பெண்வழி உடைமை பெயரோடு நிற்கிறது. தமிழ்நாட்டுத் தேடலில் தாய்வழியைக் குலதெய்வமும் காட்டாது, பங்காளிப் பட்டியலும் காட்டாது. தாய்மாமன் வீட்டு ஊர்ப் பெயர் மட்டும் எஞ்சியிருந்தால் அதுவே பெரிய தடம்.

தலித் குடியானவர்களின் தடம் காலத்தால் இரண்டாகப் பிளக்கிறது. அடிமைநிலைக்குச் சட்ட ஏற்பை நீக்கிய சட்டம் 1843-இல் வந்தது. அதற்கு முந்தைய அடிமை ஓலைகளில் அவர்கள் விற்கப்படும் பொருளாகப் பெயரோடு வருகிறார்கள். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் அவர்களுக்கென நிபந்தனை நிலங்கள் ஒதுக்கப்பட்டபோது உடைமையாளராக வருகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள அரை நூற்றாண்டு எப்படி நிரப்பப்படும் என்பது கேள்வியாகவே இருக்கிறது. ரூபா விஸ்வநாத் 2014-இல் செய்ததுபோல் மிஷனரிக் கடிதங்களையும் அரசுக் கோப்புகளையும் எதிரெதிரே வைத்துப் படிப்பது ஒரு வகுப்பின் நிலையைத் தெளிவாக்கியது. தனிப்பெயர்களுக்கு அது எவ்வளவு உதவும் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

மிகக் கடினமான இடம் 1858-க்கு முந்தைய காலம். 1840-களில் மொரீஷியஸ் போனவரின் பதிவில் ஊரும் தகப்பன் பெயரும் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஊரின் செட்டில்மெண்ட் ஏடு எழுதப்பட இன்னும் இருபது, முப்பது ஆண்டு ஆகும். அது எழுதப்படும்போது தகப்பன் இறந்திருப்பார். அண்ணன் தம்பி பெயரில் பட்டா இருந்தால் உறவை ஊகிக்கலாம். இல்லையென்றால், குடும்பம் பஞ்சத்தில் சிதறியதா, வாரத்துக்கு உழுததால் ஏட்டில் ஏறவில்லையா, ஊர்ப் பெயரையே குமாஸ்தா பிழையாக எழுதினாரா என்று மூன்று காரணங்கள் எதிரே நிற்கும். ஏட்டில் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றில் எது நடந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.